வெப்ப விண்மீனைச் சுற்றும் வாயு வட்டு: மொட்டை மாடியிலிருந்து ஹெச்-ஆல்ஃபா கோட்டைப் பதிந்து அளக்கும் முறை

1866 ஆகஸ்டில் ரோம் நகர வானாய்வகத்தில் அஞ்சலோ செக்கி, காமா காசியோபியே என்ற விண்மீனின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார். ஹைட்ரஜனின் பீட்டா கோடு கறுப்பாகத் தெரிய வேண்டிய இடத்தில் பளிச்சென்று ஒளிர்ந்தது. இவ்வகையில் முதலில் அறியப்பட்ட விண்மீன் அதுதான். இன்று இவற்றை பி-இ விண்மீன்கள் என்கிறோம். 'பி' என்பது வெப்ப வகை. மேற்பரப்பு ஏறக்குறைய 10,000 முதல் 30,000 கெல்வின் வரை. 'இ' என்பது உமிழ்வு. மிக வேகமாகச் சுழலும் இந்த விண்மீன்களின் நடுவரைப் பகுதியிலிருந்து வாயு வெளியேறி, சுற்றிலும் தட்டையான வட்டாகப் பரவுகிறது. விண்மீனின் புற ஊதா ஒளி வட்டிலுள்ள ஹைட்ரஜனை அயனியாக்குகிறது. பிரிந்த எலக்ட்ரான் மீண்டும் சேர்ந்து படிப்படியாகக் கீழிறங்கும்போது, 6562.8 ஆங்ஸ்ட்ரோமில் ஹெச்-ஆல்ஃபா என்ற சிவப்புக் கோடு உமிழப்படுகிறது.

இந்த வட்டு நிலையானது அல்ல. சில விண்மீன்களில் நாள் கணக்கில் மாறும், சிலவற்றில் ஆண்டுக் கணக்கில் வளர்ந்து கரையும். பெரிய தொலைநோக்கிகளில் ஒரே விண்மீனுக்கு வாரா வாரம் நேரம் ஒதுக்க முடியாது. ஆகவே 20 செ.மீ. தொலைநோக்கியும் ஒளியை நிறங்களாகப் பிரித்துப் பதியும் நிறமாலைமானியும் வைத்திருப்பவருக்கு இங்கே உண்மையான ஆய்வுப் பணி காத்திருக்கிறது. அழகான ஒரு பதிவைவிட, ஒரே முறையில் எடுத்து, சரியாக அளவுதிருத்தி, நேரம் பிசகாமல் குறித்த ஐம்பது பதிவுகளுக்கே மதிப்பு அதிகம்.

கோட்டின் வடிவம்

வட்டின் ஒரு பாதி நம்மை நோக்கி வருகிறது, மறு பாதி விலகிச் செல்கிறது. அதனால் சாய்வாகத் தெரியும் வட்டில் கோடு இரண்டு முகடுகளாகப் பிரிந்திருக்கும்: நீலப் பக்கம் ஒன்று, சிவப்புப் பக்கம் ஒன்று. துருவத்தின் நேர் மேலிருந்து பார்ப்பது போன்ற கோணமானால் ஒற்றை முகடுதான். விளிம்புப் பக்கமாகப் பார்த்தால் வட்டே விண்மீனை மறைக்கும். இரு முகடுகளுக்கும் நடுவே குறுகிய ஆழமான கருங்கோடு விழும். இதை ஓட்டு நிலை (ஆங்கிலத்தில் ஷெல்) என்பார்கள். கார்த்திகைக் கூட்டத்திலுள்ள பிளையோனி, சாதாரண பி-இ நிலைக்கும் ஓட்டு நிலைக்கும் இடையே பத்தாண்டுக் கணக்கில் மாறி மாறிச் செல்கிறது.

நாம் அளக்கப்போவது மூன்று: கோட்டின் சமான அகலம் (கோட்டின் மொத்த வலுவைக் காட்டும் அளவு), நீல முகட்டுக்கும் சிவப்பு முகட்டுக்கும் உள்ள விகிதம், இரு முகடுகளுக்கு இடையேயான விலகல். இவை மூன்றும் சரியான நேரக் குறிப்போடு சேர்ந்தால்தான் பயன்.

எந்தக் கருவி எதற்கு உதவும்

ஒளியின் வேகத்தை நிறமாலைமானியின் பிரிதிறனால் வகுத்தால், அந்தக் கருவி பிரித்தறியக்கூடிய குறைந்தபட்ச வேக வேறுபாடு கிடைக்கும். பிரிதிறன் 600 என்றால் நொடிக்கு 500 கி.மீ.; 6,000 என்றால் 50 கி.மீ.; 15,000 என்றால் 20 கி.மீ. பி-இ விண்மீன்களின் முகடுகள் பெரும்பாலும் நொடிக்கு 100 முதல் 300 கி.மீ. இடைவெளியில் இருக்கும். எனவே ஆல்பி 600 போன்ற கருவியில் உமிழ்வு இருக்கிறதா, வலுவா, மெலிவா என்று தெரியும், முகடுகள் பிரியாது. முகடு விகிதம் வேண்டுமானால் 6,000-க்குக் குறையாத பிரிதிறன் தேவை. 10,000-க்கு மேல் இருந்தால் நிம்மதி.

தொடங்குபவருக்கு மிக எளிய வழி ஸ்டார் அனலைசர் 100. மில்லிமீட்டருக்கு 100 கோடுகள் கொண்ட, ஒளியைப் பிரிக்கும் கீற்றணி இது. ஒன்றேகால் அங்குல ஃபில்ட்டர் மரையில் திருகிக்கொள்ளலாம். ஒரு பிக்சலுக்கு எத்தனை ஆங்ஸ்ட்ரோம் என்பதை இப்படிக் கணக்கிடலாம்: பிக்சல் அளவை மைக்ரானில் எடுத்து 100-ஆல் பெருக்கி, கீற்றணிக்கும் உணரிக்கும் உள்ள தூரத்தால் (மில்லிமீட்டரில்) வகுக்கவும். 3.75 மைக்ரான் பிக்சல், 40 மி.மீ. தூரம் என்றால் 9.4 ஆங்ஸ்ட்ரோம். தூரத்தைக் கூட்டினால் விரிவு கூடும்; ஆனால் தொலைநோக்கியின் குவியும் ஒளிக்கற்றையில் கீற்றணி உட்காருவதால், அளவுக்கு மேல் நீட்டினால் நிறமாலை கலங்கும். தெளிவு கூடாது, நீளம் மட்டுமே கூடும். எஃப்/8 அல்லது அதைவிட மெதுவான தொலைநோக்கியில் இந்தக் கலக்கம் குறைவு.

தொலைநோக்கி இல்லாமலும் தொடங்கலாம். டிஎஸ்எல்ஆர் கேமராவின் 85 மி.மீ. லென்ஸுக்கு முன்னால் இதே கீற்றணியைப் பொருத்தினால், உள்ளே வரும் ஒளி இணைக்கற்றையாக இருப்பதால் நிறமாலை தெளிவாக விழும். 4.3 மைக்ரான் பிக்சலுக்கு ஏறக்குறைய 5 ஆங்ஸ்ட்ரோம் கிடைக்கும். முக்காலியை அசைக்காமல் விட்டால் பூமியின் சுழற்சியால் விண்மீன் நகர்ந்து, நிறமாலைக் கீற்றை அகலமான பட்டையாக்கித் தரும்; இதற்கு நிறமாலை நீளும் திசை வடக்கு-தெற்காக இருக்க வேண்டும். ஒரு குறை மட்டும் உண்டு. மாற்றம் செய்யாத டிஎஸ்எல்ஆரின் உள் ஃபில்ட்டர் ஹெச்-ஆல்ஃபா ஒளியில் பெரும்பகுதியை வெட்டிவிடும். காமா காசியோபியே போன்ற வலுவான உமிழ்வு அதையும் மீறித் தெரியும், மெலிந்தவை தெரியா.

முகடுகளைப் பிரிக்க, ஒளி நுழையும் இடத்தில் குறுகிய பிளவுள்ள நிறமாலைமானி வேண்டும். மில்லிமீட்டருக்கு 2,400 கோடுகள் கொண்ட கீற்றணியுடன் வரும் எல்-ஹைரெஸ் 3 நெடுங்காலமாக இந்தப் பணியில் உழைத்து வருகிறது. கிறிஸ்தியான் புயில் வடிவமைத்த ஸ்டார்எக்ஸ், முப்பரிமாண அச்சில் உடற்பகுதியை அச்சிட்டு நாமே பூட்டிக்கொள்ளக்கூடியது. செலவைக் குறைக்க நினைப்பவருக்கு எங்கள் பரிந்துரை அதுதான். அச்சிடும்போது பிஎல்ஏ இழை வேண்டாம். ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸில் அது இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் மூடிய காரிலோ மாடியிலோ ஒரு பகல் கிடந்தால் கீற்றணியின் கோணமே மாறிவிடும். பிஇடிஜி அல்லது ஏபிஎஸ் எடுக்கவும்.

பிளவின் அகலத்தை விண்மீனின் பிம்பத்தோடு பொருத்திப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். 2,000 மி.மீ. குவியத்தூரத்தில் ஒரு வில்நொடி 9.7 மைக்ரான். கடலோர ஊரில் காற்றின் கொந்தளிப்பால் பிம்பம் 3 வில்நொடி என்றால் 29 மைக்ரான் ஆகிறது. 23 மைக்ரான் பிளவு கொஞ்சம் ஒளியை இழக்கும், ஆனால் பிரிதிறன் இரவுக்கு இரவு மாறாது. 35 மைக்ரான் பிளவில் ஒளி மிச்சம். ஆனால் காற்று அமைதியான இரவில் பிம்பம் பிளவைவிடச் சிறுத்துவிடும். விண்மீன் பிளவுக்குள்ளேயே இடம் வலம் நகர்ந்தால் அந்த நகர்வு போலி வேகமாக நிறமாலையில் பதியும். மாற்றத்தை அளக்க வந்தவருக்கு இது பெரிய கேடு. குறுகிய பிளவையே தேர்ந்தெடுக்கவும்.

கேமரா கறுப்பு-வெள்ளை உணரியாக இருக்கட்டும். வண்ண உணரியில் ஹெச்-ஆல்ஃபா ஒளி நான்கில் ஒரு பிக்சலில்தான் சரியாக விழும்.

பகலில் முடிக்க வேண்டிய வேலை

நிறமாலைமானியின் குவியத்தை இரவில் விண்மீனை வைத்துச் சரிசெய்ய முயல வேண்டாம். பகலில் நீல வானத்தை நோக்கித் திருப்பினாலே சூரிய நிறமாலை கிடைத்துவிடும். அதில் 6562.8-இல் ஹைட்ரஜன் கோடு அகலமாக நிற்கும். அதன் இருபுறமும் 6546.2, 6569.2, 6592.9 ஆகிய இடங்களில் இரும்பின் குறுங்கோடுகள் உள்ளன. இரும்புக் கோடுகள் படத்தின் மையத்திலும் ஓரத்திலும் ஒரே கூர்மையில் தெரியும் வரை குவியத்தைத் திருப்பவும். ஒரு கோடு இரண்டு முதல் மூன்று பிக்சல் அகலத்தில் விழுந்தால் மாதிரியெடுப்பு சரி. ஹெச்-ஆல்ஃபா படத்தின் நடுவே வரும்படி கீற்றணியின் கோணத்தை வைத்துப் பூட்டிவிடவும்.

அலைநீளத்தைக் குறிக்க நியான் விளக்கு தேவை. ஹெச்-ஆல்ஃபாவை ஒட்டி நியானுக்கு 6506.53, 6532.88, 6598.95, 6678.28, 6717.04 ஆங்ஸ்ட்ரோமில் பளிச்சென்ற கோடுகள் உண்டு. எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் சிவப்பு இண்டிகேட்டர் விளக்கே போதும். ஆனால் இப்போது விற்பவற்றில் பல எல்இடி. கீற்றணி வழியே பார்த்தால் வேறுபாடு உடனே தெரியும்: நியான் தனித்தனிக் கோடுகளாகப் பிரியும், எல்இடி தொடர்ச்சியான பட்டையாகத் தெரியும். மின்தடை உள்ளேயே பொருத்தி முழுக்க மூடிய விளக்காக வாங்கவும். பனி இறங்கும் மாடியில் 230 வோல்ட் மின்சாரத்தைத் திறந்த கம்பியில் கையாள்வது உயிருக்கு ஆபத்து.

இரவில்

கருவியை ஒரு மணி நேரம் முன்னதாகவே வெளியில் வைத்துவிடவும். வெப்பம் தணியத் தணிய நிறமாலை உணரியில் மெல்ல நகரும். அதனால் ஒவ்வொரு விண்மீனுக்கும் முன்பு ஒரு நியான் பதிவு, பின்பு ஒரு நியான் பதிவு கட்டாயம். ஒரு விண்மீனுக்கு எடுத்த நியானை வானத்தின் மறுகோடியில் இருக்கும் விண்மீனுக்குப் பயன்படுத்தக் கூடாது. தொலைநோக்கி சாயும் திசை மாறினால் கருவியும் நுண்ணளவில் வளையும்.

விண்மீனைப் பிளவில் நிறுத்தும்போது, வழிகாட்டும் கேமராவில் பிளவின் இருபுறமும் ஒளி சமமாகப் பிதுங்கித் தெரிய வேண்டும். தொடுவானை ஒட்டிய விண்மீன்களில் இன்னொரு சிக்கல் உண்டு. காற்று மண்டலமே ஒளியைப் பிரிப்பதால், வழிகாட்டும் கேமரா பச்சை பிம்பத்தைப் பிளவில் நிறுத்த, நமக்கு வேண்டிய சிவப்பு பிம்பம் ஓரத்தில் விழும். வழிகாட்டும் கேமராவுக்குச் சிவப்பு ஃபில்ட்டர் போட்டால் இது தீரும். பிளவை மேல்-கீழாக, தொடுவானுக்குச் செங்குத்தாக வைப்பது இன்னொரு வழி.

ஒளிபதியும் நேரத்தில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். தொடர்ச்சிப் பகுதியின் (கோடுகளுக்கு வெளியே சீராக இருக்கும் ஒளியின்) எண்ணிக்கையைப் பார்த்து நேரத்தை முடிவு செய்கிறார்கள். வட்டு பெருத்த விண்மீனில் ஹெச்-ஆல்ஃபா முகடு தொடர்ச்சியைவிட நான்கைந்து மடங்கு உயரலாம். தொடர்ச்சி 20,000 எண்ணிக்கையில் ஒழுங்காக இருக்க, முகடு கேமராவின் உச்ச எண்ணான 65,535-இல் முட்டி மொட்டையாகிவிடும். திரையில் பார்த்தால் அழகான ஒற்றை முகடு மாதிரியே இருக்கும். அளந்தால் எல்லாம் பொய். எப்போதும் கோட்டின் உச்சியைப் பார்த்து, அது 45,000-ஐத் தாண்டாதபடி நேரத்தைக் குறைக்கவும்.

20 செ.மீ. தொலைநோக்கிக்கும் 10,000-க்கு மேற்பட்ட பிரிதிறனுக்கும் ஒரு தொடக்கக் கணக்கு சொல்லலாம். ஒளிர்மை 2 உள்ள விண்மீனுக்கு (இந்த எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும்) 120 நொடியில் பத்துப் படங்கள், ஒளிர்மை 4 என்றால் 300 நொடியில் பத்து முதல் பன்னிரண்டு, ஒளிர்மை 5 என்றால் மொத்தம் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல். தொடர்ச்சிப் பகுதியில் சமிக்ஞை-இரைச்சல் விகிதம் 100-ஐ எட்டினால் அந்தப் பதிவு பயன்படும். ஒரே நீண்ட படம் எடுக்க வேண்டாம். காஸ்மிக் கதிர் ஒன்று முகட்டின் மேல் விழுந்தால் அதைக் கண்டுபிடித்து நீக்கக் குறைந்தது மூன்று படங்களாவது தேவை. ஐந்து இருந்தால் நல்லது.

அதே நேர அளவில், அதே உணரி வெப்பத்தில், ஒளி புகாமல் மூடி, இருபது இருட்டுப் படங்கள் எடுக்கவும். டங்ஸ்டன் ஹாலஜன் விளக்கின் சீரான ஒளியில் இருபது சமதளப் படங்கள் எடுக்கவும். கருவியைக் கழற்றுவதற்கு முன்பே இதை முடித்தாக வேண்டும். உணரியில் ஒட்டிய தூசி கழற்றி மாட்டும்போது இடம் மாறினால் சமதளப் படம் பிழையை நீக்காது, கூட்டும்.

கணினியில்

ஐசிஸ், ஸ்பெக்இன்டி இரண்டும் இதற்கென்றே எழுதப்பட்ட இலவச மென்பொருள்கள். எதை எடுத்தாலும் வேலையின் வரிசை ஒன்றுதான்: இருட்டைக் கழித்தல், சமதளத்தால் வகுத்தல், கோடுகளின் சாய்வையும் வளைவையும் நிமிர்த்துதல், வான ஒளியைக் கழித்தல், நிறமாலையை ஒற்றை வரியாகப் பிரித்தெடுத்தல், அலைநீளம் ஏற்றுதல் (எந்தப் பிக்சல் எந்த அலைநீளம் என்று குறித்தல்), தொடர்ச்சியை 1 என்ற அளவுக்குக் கொண்டுவருதல்.

அலைநீளத்துக்கு இரண்டாம் அல்லது மூன்றாம் படிப் பல்லுறுப்புக் கோவை போதும். நியான் கோடுகளில் மிஞ்சும் பிழை 0.05 ஆங்ஸ்ட்ரோமுக்குள் இருக்க வேண்டும்; ஹெச்-ஆல்ஃபாவில் அது நொடிக்கு 2.3 கி.மீ. ஆகும். கோவையின் படியை ஏற்றிக்கொண்டே போனால் மிச்சப் பிழை பூஜ்யத்தை நெருங்கும். ஆனால் நியான் கோடு எதுவும் இல்லாத 6533-க்கும் 6598-க்கும் இடையில், அதாவது நமக்கு வேண்டிய அந்த இடத்திலேயே, வளைவு தடம் புரளும்.

இதைச் சரிபார்க்க வானமே ஒரு வழி தந்திருக்கிறது. காற்றிலுள்ள நீராவி 6543.9, 6552.6, 6572.1 ஆங்ஸ்ட்ரோமில் குறுகிய கருங்கோடுகளைப் பதிக்கிறது. விண்மீன் எந்த வேகத்தில் போனாலும் இவை நகரா. சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற ஈரக் காற்று வீசும் ஊர்களில் இவை ஆழமாகவே விழும். மூன்றும் ஒரே அளவு விலகியிருந்தால் மொத்த நிறமாலையையும் அந்த அளவு நகர்த்தினால் போதும். ஒரு பக்கம் சரியாக இருந்து மறுபக்கம் விலகல் கூடிக்கொண்டே போனால் கோவை தவறு. மீண்டும் பொருத்த வேண்டும்.

பிறகு இதே நீராவிக் கோடுகளை நீக்க வேண்டிய கட்டம் வரும். இவை ஹெச்-ஆல்ஃபா மேலேயே விழுவதால் முகட்டின் உயரத்தைக் குறைத்துக் காட்டும். அதே இரவில், ஏறக்குறைய அதே உயரத்தில், வேகமாகச் சுழலும் வெப்ப விண்மீன் ஒன்றைப் பதிந்து அதை அச்சாக வைத்து வகுப்பது நல்ல முறை. மகம் நட்சத்திரமான ரெகுலஸ் இதற்கு ஏற்றது; அதன் சொந்தக் கோடுகள் அகன்று மழுங்கியிருப்பதால் நீராவிக் கோடுகள் தனியே துலங்கும். நேற்றைய அச்சை இன்றைக்குப் பயன்படுத்த வேண்டாம், ஈரப்பதம் மாறியிருக்கும். அரைகுறையாக நீக்கிய கோடு, நீக்காத கோட்டைவிடத் தீங்கானது.

தொடர்ச்சியை மட்டப்படுத்துவதில் அவசரம் கூடாது. பி-இ விண்மீனின் ஹெச்-ஆல்ஃபா கோட்டுக்கு அகன்ற, தாழ்வான சிறகுகள் உண்டு. எலக்ட்ரான்கள் ஒளியைச் சிதறடிப்பதால் அவை நொடிக்கு ஆயிரம் கி.மீ. வரைகூட நீளும், அதாவது இருபுறமும் 22 ஆங்ஸ்ட்ரோம். 6550-ஐயும் 6575-ஐயும் தொடர்ச்சி என்று எடுத்துக்கொண்டால் சிறகை வெட்டிவிடுகிறோம். 6535-க்குக் கீழேயும் 6590-க்கு மேலேயும் சுத்தமான பகுதிகளைத் தேர்ந்து, நேர்கோடு அல்லது மெல்லிய வளைவு மட்டும் பொருத்தவும்.

அளத்தல்

சமான அகலம் என்பது தொடர்ச்சிக்கு மேல் கோடு அடைக்கும் பரப்பு. உமிழ்வுக்கு அதை எதிர்க்குறியில் எழுதுவது வழக்கம். எந்த அலைநீளத்திலிருந்து எதுவரை கூட்டினீர்கள் என்பதைக் கட்டாயம் குறிக்கவும். பிழை எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு கணக்கு: 50 ஆங்ஸ்ட்ரோம் அகலத்தில் தொடர்ச்சியை 1 விழுக்காடு தவறாக வைத்தால் சமான அகலம் 0.5 ஆங்ஸ்ட்ரோம் தவறும். காமா காசியோபியேவின் அகலம் பத்துக் கணக்கான ஆங்ஸ்ட்ரோம் என்பதால் அங்கே இது சிறு பிழை. இப்போதுதான் வட்டு முளைக்கும் விண்மீனில் மொத்த அகலமே 1 ஆங்ஸ்ட்ரோமாக இருக்கலாம். அங்கே அளவில் பாதி பிழையாகிவிடும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வட்டு வளரும்போது அது தானும் தொடர்ச்சி ஒளியைக் கூட்டுகிறது. கோட்டின் ஒளி ஏறினாலும் தொடர்ச்சியும் ஏறுவதால் சமான அகலம் அசையாமல் நிற்கக்கூடும், குறையவும் கூடும். எனவே அதே இரவில் விண்மீனின் ஒளிர்மையையும், கண்ணாலோ கேமராவாலோ, மதிப்பிட்டுக் குறிப்பது நிறமாலையின் மதிப்பை உயர்த்தும்.

முகடு விகிதத்துக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. பூஜ்யத்திலிருந்து அளந்த உயரங்களின் விகிதம் ஒன்று, தொடர்ச்சிக்கு மேல் உள்ள உயரங்களின் விகிதம் மற்றொன்று. விடை வேறுபடும், எதை எடுத்தீர்கள் என்று சொல்லிவிடவும். இந்த விகிதம் ஏறி இறங்குவது, வட்டில் ஒரு பக்கம் அடர்த்தி மிகுந்த அலை மெல்லச் சுற்றி வருவதால்தான்.

முகடுகளின் விலகலை 6562.8-ஆல் வகுத்து ஒளிவேகத்தால் பெருக்கினால் வேகம் வரும். 3.3 ஆங்ஸ்ட்ரோம் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 150 கி.மீ. வட்டின் வாயு கோள்களைப் போலவே சுற்றுவதால், வெளியே போகப் போக வேகம் குறையும். ஆகவே முகடுகள் நெருங்கினால் ஒளிரும் பகுதி விரிந்துவிட்டது என்று பொருள். விண்மீனின் பார்வைச் சுழல்வேகம் (நம் பார்வைத் திசையில் தெரியும் சுழற்சி வேகம்) தெரிந்தால், அதை இரட்டித்து, முகடு விலகலால் வகுத்து, வரும் எண்ணை இருமடிப் பெருக்கினால் ஒளிரும் வட்டின் அளவு விண்மீன் ஆரங்களில் கிடைக்கும். சுழல்வேகம் 300, விலகல் 150 என்றால் 600-ஐ 150-ஆல் வகுக்க 4. அதன் இருமடி 16 ஆரங்கள். கோடு மிக வலுவாக இருக்கும்போது இந்தச் சூத்திரம் துல்லியம் தராது. மாற்றத்தின் போக்கைக் காண மட்டும் வைத்துக்கொள்ளவும்.

எந்த விண்மீன், எத்தனை நாளுக்கு ஒருமுறை

ஸ்டார் அனலைசரின் முதல் இரவுக்குக் காமா வேலோரத்தைப் போல ஒன்று கிடையாது. இது வட்டுள்ள விண்மீன் அல்ல. வலிய காற்றாகத் தன் வாயுவை வீசும் உல்ஃப்-ராயே வகை விண்மீனும் அதன் துணையும் சேர்ந்தது. மொத்த ஒளிர்மை ஏறக்குறைய 1.8. கார்பனின் அகன்ற உமிழ்வுகள் 4650, 5696, 5805 ஆங்ஸ்ட்ரோம்களை ஒட்டி எழும். கீற்றணியைக் கண்ணருகு வில்லையில் மாட்டினால் வெறும் கண்ணுக்கே தெரியும். மார்ச் முதல் பாதியில் இரவு ஒன்பது மணி வாக்கில் தெற்கே உச்சமடையும், சென்னையில் 30 டிகிரி உயரத்தில், கன்னியாகுமரியில் 35 டிகிரியில். ஐரோப்பாவில் பெரும்பாலான இடங்களில் இது தொடுவானுக்கு மேலே வருவதே இல்லை. அலைநீளம் ஏற்றுவதற்குப் பக்கத்திலேயே சிரியஸ் இருக்கிறது. கீற்றணி வழியாக நேரே விழும் விண்மீன் பிம்பத்தைப் பூஜ்யம் என்றும், சிரியஸின் ஹைட்ரஜன் பீட்டா கோட்டை 4861 என்றும் வைத்தால் தொடக்க அளவுகோல் தயார்.

பிளவுக் கருவிக்கு முதல் தேர்வு அனுஷம் நட்சத்திரக் கூட்டத்தின் டெல்டா ஸ்கார்பியை. 2000 வரை சாதாரண விண்மீனாக எண்ணப்பட்ட இது, அந்த ஆண்டு அர்ஜென்டினாவின் செபாஸ்டியன் ஒட்டேரோவின் கண்ணுக்குப் பிரகாசம் கூடித் தெரிந்தது, வட்டு முளைத்திருந்தது. 2.3 ஆக இருந்த ஒளிர்மை பின்னர் 1.6-ஐ நெருங்கியது. 10.8 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றும் துணை விண்மீன், மிக நீண்ட முட்டைப் பாதையில் வந்து 2000, 2011, 2022 ஆண்டுகளில் அருகே கடந்து போனது. அடுத்தது 2033 தொடக்கத்தை ஒட்டி. சென்னையில் 54 டிகிரி உயரம் வரும். பிப்ரவரி பின்னிரவிலிருந்து தென்மேற்குப் பருவ மேகம் மூடும் வரை வாரம் ஒரு பதிவு எடுக்கலாம்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஜீட்டா டாரியும் ஒமேகா கேனிஸ் மேஜோரிஸும் மாலையிலேயே உயரத்தில் நிற்கும். ஜீட்டா டாரியின் முகடு விகிதம் ஒரு கட்டத்தில் ஏறக்குறைய 1,400 நாள் சுழற்சியில் மாறியது. இரு வாரத்துக்கு ஒரு பதிவு போதும். ஒமேகா கேனிஸ் மேஜோரிஸ் சுமார் எட்டு ஆண்டு இடைவெளியில் ஓங்கித் தணியும். மியூ சென்டாரி இதற்கு நேர்மாறு. அதன் சிறு வெடிப்புகள் நாள் கணக்கில் எழுந்து மறையும் என்பதால் இரவு தவறாமல் எடுத்தால்தான் பொருள். வடக்கே தங்கியவர்களுக்கு அது தாழ்வாக இருப்பதால் நம் அகலாங்கிலிருந்து எடுப்பது தனி மதிப்பு. பிளையோனிக்கு மாதம் ஒன்று போதும். காமா காசியோபியே டிசம்பர், ஜனவரி மாலைகளில் வடக்கே 42 டிகிரி வரை ஏறும், வடகிழக்குப் பருவமழை வழிவிட்டால். நாற்பது விண்மீன்களை ஒருமுறை பதிவதைவிட ஐந்தை மூன்று ஆண்டு விடாமல் பதிவது மேல்.

அனுப்புதல்

இத்தகைய பதிவுகள் சேரும் இடம் பாரிஸ்-மூதோன் வானாய்வகத்தின் பெஸ் தரவுத்தளம். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பி-இ விண்மீன்களுக்கு அங்கே பக்கம் இருக்கிறது. தொழில்முறையினரும் ஆர்வலரும் ஒரே கூடையில்தான் பதிவுகளை இடுகிறார்கள். எந்த விண்மீனுக்கு நீண்ட நாளாகப் பதிவு வரவில்லை என்பதை ஆராஸ் பீ-ஆம் என்ற இணையக் கருவி காட்டும். அனுப்பிய ஒவ்வொரு பதிவையும் ஒருவர் சரிபார்த்த பின்பே வெளியிடுகிறார்கள்.

கோப்பு, வானியலில் வழங்கும் ஃபிட்ஸ் வடிவில், ஒற்றைப் பரிமாணத்தில் இருக்க வேண்டும். தலைப்பில் விண்மீன் பெயர், தொடங்கிய நேரம், மொத்த ஒளிபதிவு நேரம், கருவி, பிரிதிறன், இடம், நீராவிக் கோடு நீக்கப்பட்டதா, சூரிய மைய வேகத் திருத்தம் செய்யப்பட்டதா ஆகியவை வேண்டும். நேரம் உலக நேரத்தில் இருக்கட்டும். இந்திய, இலங்கை நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழிக்க வேண்டும். 15-ஆம் தேதி அதிகாலை இரண்டு மணிக்கு எடுத்தது உலக நேரத்தில் 14-ஆம் தேதி 20:30. தேதியைக் குறைக்க மறப்பது நம் பக்கத்தில் எளிதில் நேரும் பிழை. பூமி சூரியனைச் சுற்றுவதால் ஆண்டு முழுவதும் கோடு 0.65 ஆங்ஸ்ட்ரோம் வரை இருபுறமும் நகரும். அதைத் திருத்தாமலே அனுப்பி, திருத்தம் பூஜ்யம் என்று தலைப்பில் குறிப்பதே எங்கள் பரிந்துரை. அப்போதுதான் நீராவிக் கோடுகளை வைத்து உங்கள் அளவுகோலை எவரும் சோதித்துக்கொள்ளலாம்.

கருத்தரங்குக்குச் சுவரொட்டி தயாரிப்பவருக்கு

2010 ஜூலையில் பாரிஸில் நடந்த பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் 272-ஆவது கருத்தரங்கு முழுக்க ஓ, பி வகை விண்மீன்களுக்கானது. இம்மாதிரிக் கூட்டங்களில் ஆர்வலரின் தொடர் பதிவுகளுக்கும் இடம் உண்டு. ஏ0 அளவு என்றால் 84.1-க்கு 118.9 செ.மீ.; நிமிர்ந்த தாளா கிடந்த தாளா என்பதை அமைப்பாளரின் குறிப்பில் பார்த்த பிறகே வடிவமைக்கத் தொடங்கவும். நடுவில் ஒரே ஒரு பெரிய படம் போதும்: எல்லா இரவுகளின் கோடுகளும் காலவரிசையில் கீழிருந்து மேலாக, ஒரே உயர அளவுகோலில், கிடையச்சில் நொடிக்கு −600 முதல் +600 கி.மீ. வரை. இந்தப் படத்துக்குச் சூரிய மையத் திருத்தம் கட்டாயம். இல்லாவிட்டால் பூமியின் ஓட்டம் விண்மீனின் மாற்றம் போலத் தெரியும். பக்கத்தில் அதே காலவரிசையில் சமான அகலமும் முகடு விகிதமும், பிழைக் கோடுகளோடு. கருவி, பிரிதிறன், கூட்டிய அலைநீள எல்லை, முகடு விகிதத்தின் வழக்கம் ஆகிய நான்கையும் படத்துக்கு அடியிலேயே எழுதவும். அருகில் வந்து நிற்பவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.

இருட்டு, சமதளம், நியான் உட்பட மூலப் படங்கள் அனைத்தையும் இரண்டு வன்தட்டுகளில் வைத்திருக்கவும். ஐந்து ஆண்டு கழித்து ஒருவர் அந்தக் குறிப்பிட்ட இரவின் சிறகு உண்மையா, தொடர்ச்சிப் பிழையா என்று கேட்கும்போது, பழைய படங்களிலிருந்து மீண்டும் பிரித்தெடுத்துத்தான் பதில் சொல்ல முடியும்.